நாற்பது தறிகளுக்கு அப்பால்

பர்ன்லியில், நாற்பது தறிகள் ஓடும் கொட்டகையில்
குரலுக்கு வேலையில்லை.
பத்து வயதில் அரைநாள் கூலிக்கு நுழைந்த
டாமரிஸ் என்ட்விசில்
முதலில் கற்றது நெசவு அல்ல,
எதிர்த்தறிக்காரியின் உதடுகள்.
எவளுக்குக் காய்ச்சல்,
எவள் வாசலில் வீட்டுக்காரன் வாடகைக்கு வந்து நின்றான்,
மேஸ்திரி எவள் தோளில் கைவைத்தான்,
எல்லாம் சத்தமின்றி
பாவின் குறுக்கே ஊடைபோல ஓடிவரும்.

நாடாவின் கண்ணில் வாய்வைத்து
நூலை உறிஞ்சி இழுக்கவேண்டும்.
அதற்கு முத்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.
இருபத்தாறு வயதுக்குள்
முன்பற்கள் மூன்று போயின.
அந்த வாயோடுதான்
மழை தூறிய ஒரு ஞாயிறு, சந்தைத் திடலில்
ஆரஞ்சுப் பெட்டியைக் கவிழ்த்து ஏறினாள்.
பேசினாள்.
குரல் வரவில்லை.
பதினாறு வருடப் பழக்கம்,
வாய் மட்டும் அகல அகலத் திறந்து மூடியது.
முன்னால் நின்ற கடைக்காரர்கள் சிரித்தார்கள்.
தள்ளுவண்டிகளுக்கு அப்பால் நின்ற பெண்கள்
சிரிக்கவில்லை.
அவர்களுக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

குரல் பிறகு வந்தது,
துருப்பிடித்த கீல் போல.
இரவுகளில்
மெழுகுவத்தி அரையங்குலம் கரையும் மட்டும் எழுதினாள்.
பிழைகள் மண்டிய கையெழுத்து.
அச்சுக்கோக்கும் சைலஸ் குரோஷா திருத்திக்கொண்டே வந்தான்.
"முதலாளி என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்" என்றான்.
"வேண்டாம்.
ஆளே ஐந்தடி நாலங்குலம்தான்" என்றாள்.
எட்டுப் பக்கம். விலை ஒரு பென்னி.
வாங்கியவர்களைவிட
இரவல் வாங்கியவர்கள் அதிகம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்.
அவள் மொழியில்
நாமும் நாங்களும் ஒரே சொல்.
பெட்டிமேல் நின்று அதை அவள் சொன்னபோதெல்லாம்
கேட்டவர்கள் உள்ளே வந்தார்களா,
வேலிக்கு வெளியே நின்றுகொண்டார்களா,
அவளுக்குத் தெரிய வழியில்லை.
எனக்கோ
ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது.

கிளைச் சங்கத்தின் குறிப்பேட்டுக்கு அந்தத் தயக்கம் இல்லை.
"முன்மொழிந்தவர் திரு. ஒபதியா வித்தம்.
வழிமொழிந்தவர் திரு. எத்திரோ நட்டல்.
தேநீர், செல்வி என்ட்விசில்."
தீர்மானத்தை எழுதியவள் அவள்.
தேநீரையும் நன்றாகவே போட்டிருக்கிறாள்,
யாரும் குறை எழுதவில்லை.

கதவடைப்பு நடந்த குளிர்காலத்தில்
பாதையை மறித்ததாகச் சம்மன் வந்தது.
பத்து ஷில்லிங், அல்லது ஏழு நாள்.
தொப்பியில் காசு திரட்டி வந்தார்கள்.
எண்ணிப் பார்த்தாள்.
இருபத்துநாலு ரொட்டி.
உள்ளே போனாள்.

சிறையில் பேசக்கூடாது என்பது விதி.
வார்டன் அதை உரக்க வாசித்தபோது
அடக்கமாட்டாமல் சிரித்தாள்.
ஏழாம் நாள் முடிவதற்குள்
சலவைக்கூடத்தில் துணி பிழிந்த பதினோரு பெண்களுக்கும்
தறிக்கூலி என்ன, அதில் பிடித்தம் என்ன,
ஏன் என்பது தெரிந்திருந்தது.
திருடியவள் ஒருத்தி,
நீராவிக்கு நடுவே, உதடு மட்டும் அசைத்து
கேட்டாளாம்:
"வெளியே வந்தால்
என்னையும் சேர்ப்பீர்களா?"
இதற்கு டாமரிஸ் சொன்ன பதில்
எங்கும் இல்லை.

நுரையீரலில் பஞ்சு.
நாற்பத்தொன்றில் முடிந்தது.
விற்காத பிரதிகள் இருநூற்றுப் பன்னிரண்டு,
வீட்டுக்காரி அடுப்பு மூட்டப் பார்த்தாள்.
ஈரம் ஏறிய தாள், சரியாகப் பற்றவில்லை.
"இருக்கும்போதும் இப்படித்தான்" என்று திட்டினாள்,
பிறகு ஆரஞ்சுப் பெட்டியைத் திருப்பி வைத்து
அதில் நிலக்கரி கொட்டினாள்.

திங்கள் காலை, கொட்டகையில்,
முதல் தறிக்காரி திரும்பிச் செய்தியைச் சொன்னாள்.
உதட்டிலிருந்து உதட்டுக்கு,
இரைச்சலின் அடியில் அது நகர்ந்தது.
கடைசித் தறியில் நின்றவள்
என்ன படித்தாளோ,
நாடாவிலிருந்து வாயை எடுத்து
நூலைத் துப்பிவிட்டுக் கேட்டாள்:
எத்தனை மணிக்கு?